தானே ஆடிக்கொள்ளும் கடிகாரம்

ஆர்கேட் எந்திரத்தில் காசு போட்டு ஆடியவர்களுக்கு விளையாட்டு நினைவிருக்கும். காசில்லாமல் பக்கத்தில் நின்றவர்களுக்கு டெமோ நினைவிருக்கும். நான் பக்கத்தில் நின்றவன். யாரும் ஆடாத நேரத்தில் அந்தப் பெட்டி சும்மா இருக்காது. தலைப்பைக் காட்டும், அதிக ஸ்கோர் எடுத்தவர்களின் மூன்றெழுத்துப் பெயர்களைக் காட்டும், அப்புறம் தானே ஓர் ஆட்டம் ஆடிக் காட்டும். எந்த இடத்தில் கப்பல் அடிபடும், எந்தத் திருப்பத்தில் மஞ்சள் வட்டம் பேயிடம் சிக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. திரையில் நடக்கும் அசைவுக்கு ஏற்றபடி கைப்பிடியை இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டு, நான்தான் ஆடுகிறேன் என்று மனதுக்குள் வைத்துக்கொள்வேன். டெமோ முடிந்து, காசு போடச் சொல்லும் எழுத்து மின்னத் தொடங்கியதும் கையை எடுத்துவிடுவேன்.

அந்தத் தானியங்கி ஆட்டத்துக்கு எந்திரம் செய்தவர்கள் ‘அட்ராக்ட் மோட்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். வழியில் போகிறவரின் கண்ணைப் பிடித்து நிறுத்தி, பையிலிருந்து காசை எடுக்க வைப்பதுதான் அதன் வேலை. இப்போது இரண்டு வருடமாக என் வீட்டுச் சுவரில் ஓர் எல்.இ.டி. கடிகாரம் தொங்குகிறது. நிமிடம் மாறும்போதெல்லாம் பழைய ஆர்கேட் உருவங்கள் வந்து ஓடும், குதிக்கும், சுடும், விழும். காசு போடும் துளை இல்லை, கைப்பிடி இல்லை. நாள் முழுக்க அட்ராக்ட் மோடிலேயே இருக்கும் எந்திரம் அது. வாங்கிய அன்று எனக்கு இருந்த மகிழ்ச்சியைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அதனோடு குடித்தனம் நடத்தியதில் கற்றுக்கொண்டது நிறைய. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் வாங்கியது பூட்டிப் பொருத்திக்கொள்ளும் கிட். உள்ளே இருப்பது நான்கே பொருள்: ஓர் எல்.இ.டி. பலகை, கடிகாரத்தை இயக்கும் ஈ.எஸ்.பி.32 சிப் உள்ள ஒரு சின்ன போர்டு, 5 வோல்ட் அடாப்டர், மரச்சட்டம். பலகையில் குறுக்கே 64 புள்ளி, நெடுக்கே 32 புள்ளி. மொத்தம் 2,048. புள்ளிக்குப் புள்ளி 5 மில்லிமீட்டர் இடைவெளி என்பதால் 32 சென்டிமீட்டர் அகலம், 16 சென்டிமீட்டர் உயரம். அறையின் எந்த மூலையிலிருந்தும் மணி தெரியும்.

இந்த 64 என்ற எண்ணில் ஓர் அழகு இருக்கிறது. பழைய ஆர்கேட் விளையாட்டுகளில் எழுத்தும் எண்ணும் பெரும்பாலும் 8க்கு 8 கட்டத்துக்குள் வரையப்பட்டவை. மணிக்கு இரண்டு இலக்கம், நிமிடத்துக்கு இரண்டு, விநாடிக்கு இரண்டு, நடுவில் இரண்டு முக்காற்புள்ளிகள்: மொத்தம் எட்டு இடம். எட்டெட்டு அறுபத்து நான்கு. ஆர்கேட் எழுத்தில் முழு நேரத்தையும் எழுதினால் பலகையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு புள்ளி மிச்சமில்லாமல் வந்து உட்காரும். முதல் நாள் இதைப் பார்த்தபோது யாரோ எனக்காக அளந்து தைத்துக் கொடுத்த சட்டை மாதிரி இருந்தது.

அடுத்து எண்ணிப் பார்த்தது வேற்றுக்கிரகவாசியை. 1978இல் டைட்டோ நிறுவனத்துக்காகத் தொமோஹிரோ நிஷிகாதோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸில் வரும் நண்டு உருவம் 11 புள்ளி அகலம், 8 புள்ளி உயரம். அதே அளவில், ஒரு புள்ளி குறையாமல் இந்தப் பலகையில் நிற்கிறது. கையைக் கீழே தொங்கவிட்ட நிலையில் எரிவது 46 விளக்கு. கையைத் தூக்கினால் 48. அவ்வளவுதான் அதன் அசைவு முழுவதும். இரண்டே படம், மாறி மாறி. ஆனால் அந்த இரண்டு படத்துக்கு நடுவில் அது நடக்கிறது என்று நம் கண் சத்தியம் செய்யும். பலகைக்கு முகத்தை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்த்தாலும் அந்த நம்பிக்கை போவதில்லை. தனித்தனியே 46 விளக்கு தெரிகிறது, நண்டும் தெரிகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படித் தெரிகின்றன என்று இன்னும் எனக்கு வியப்புதான்.

நிறத்தில் மட்டும் கிட்டோடு வந்த நிரலை நான் மாற்றினேன். அதில் நண்டுகள் எல்லாம் பச்சையாக இருந்தன. ஆனால் அந்த விளையாட்டின் திரை கறுப்பு வெள்ளை. பல எந்திரங்களில் திரைமீது நிறப் பட்டைகளை ஒட்டியிருந்தார்கள். கீழ்ப் பகுதிக்குப் பச்சை. ஆகவே மேலே வெள்ளையாக இருக்கும் நண்டு இறங்கி வர வர, பட்டைக்குள் நுழைந்ததும் பச்சையாகும். நம் எல்லோர் நினைவிலும் இருக்கும் பச்சை அந்த ஒட்டுத்தாளின் பச்சை. என் கடிகாரத்திலும் இப்போது கீழ்ப் பத்து வரிசைக்குள் வந்தால்தான் பச்சை. இறங்கும் நண்டின் கால் மட்டும் பச்சை, உடம்பு வெள்ளை என்று ஒரு கணம் நிற்கும். அந்த ஒரு கணத்துக்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் கொடுத்தேன். கொடுத்தது தகும்.

நண்டுக்குப் போதும் இந்தப் பலகை, பேக்மேனுக்குப் போதாது. 1980இல் நாம்கோ வெளியிட்ட அந்த விளையாட்டின் திரை 224க்கு 288. அதாவது 64,512 புள்ளிகள். என் பலகையைப் போல முப்பத்தொன்றரை பலகை சேர்ந்தால்தான் சுற்றுவழி நிறைந்த அந்தத் திரை முழுதாகும். ஆகவே கடிகாரத்தில் சுற்றுவழியே கிடையாது. மஞ்சள் வட்டம் இடமிருந்து வலமாக ஓடும், பின்னால் நான்கு பேய்கள் வரிசையாக ஓடும், அவ்வளவுதான். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பேய்கள் ஒவ்வொன்றுக்கும் அந்த விளையாட்டை உருவாக்கிய தொரு இவாதானி தனித்தனிக் குணம் கொடுத்திருந்தார். சிவப்பு நேராகத் துரத்தும். இளஞ்சிவப்பு, பேக்மேன் இருக்கும் இடத்துக்கு வராது; அவன் போகும் திசையில் நான்கு கட்டம் முன்னால் போய் மறிக்கப் பார்க்கும். நான்கு கட்டம் என்றால் 32 புள்ளி, என் கடிகாரத்தின் பாதி அகலம். மறிப்பதற்குக் கூட இடமில்லாத ஊரில் அது என்ன செய்யும்? வரிசையில் ஓடுகிறது. எனக்கு இந்த முகப்பு, அதாவது கடிகாரத்தின் இந்தத் தோற்றம், கொஞ்சம் குறையாகவே படுகிறது. குழந்தைகளுக்குப் பிடிக்கிறது என்பதால் வைத்திருக்கிறேன்.

இங்கே இன்னொன்றைச் சொல்ல வேண்டும். பழைய விளையாட்டு என்றாலே நமக்குக் கட்டம் கட்டமாக, கூர்மையான சதுரங்களாகத் தோன்றுகிறது. ஆனால் அந்தக் காலத்துப் பிக்சர் டியூபில் அப்படித் தெரியவில்லை. எலெக்ட்ரான் கதிர் திரையில் பூசிய பாஸ்பரைத் தொடும் இடத்தில் ஒளி கொஞ்சம் கசியும். பக்கத்துப் புள்ளியோடு கலக்கும். ஓரமெல்லாம் மழுங்கி, உருவம் உருண்டையாகத் தெரியும். எல்.இ.டி. பலகையில் இதற்கு நேர் மாறு. ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் கறுப்பு இடைவெளி. நான் வாங்கிய கடிகாரம் பழைய எந்திரத்தை விடவும் அதிகமாகக் கட்டம் கட்டமாக இருக்கிறது. முதலில் இது எனக்கு உறுத்தியது. பால்வெள்ளை அக்ரிலிக் தாளை முன்னால் பொருத்திப் பார்த்தேன். பலகையோடு ஒட்டி வைத்தால் புள்ளி புள்ளியாகவே இருக்கிறது. விரற்கடை தள்ளி வைத்தால் எல்லாம் குழம்பி, எண்ணே தெரியவில்லை. பல நாள் தள்ளித் தள்ளிப் பார்த்து, கடைசியில் சில மில்லிமீட்டர் இடைவெளியில் ஒளி பக்கத்துப் புள்ளியின் எல்லையை மட்டும் தொடும் இடத்தைக் கண்டுபிடித்தேன். அப்போது கிடைத்தது பழைய திரையின் அந்தக் கசிவு. சரியாக அதே இல்லை, ஆனால் உறவுக்காரன்.

என் மகள்தான் ஒருநாள் போனில் இதை வீடியோ எடுத்துவிட்டு ஓடி வந்தாள். “அப்பா, கடிகாரத்துல கறுப்புப் பட்டை ஓடுது. நேர்ல பார்த்தா இல்ல.” போனில் பார்த்தால் உண்மைதான், அகலமான இருட்டுப் பட்டை ஒன்று மேலிருந்து கீழே ஊர்ந்துகொண்டிருந்தது. அவளை மடியில் உட்காரவைத்துச் சொன்னேன்: இந்தப் பலகையில் 32 வரிசை இருந்தாலும், ஒரு நேரத்தில் எரிவது இரண்டே வரிசை. மேல்பாதியில் ஒன்று, கீழ்ப்பாதியில் ஒன்று. அவை அணைந்ததும் அடுத்த இரண்டு. இப்படிப் பதினாறு தடவையில் ஒரு முழுப் படம். இது ஒரு விநாடிக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட தடவை நடப்பதால் நம் கண் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொள்கிறது; கேமராவுக்கு அந்தப் பொறுமை இல்லை. அவள் சிறிது நேரம் யோசித்துவிட்டு, “அப்ப முழு எண்ணு எப்பவுமே இல்லையா?” என்று கேட்டாள். இல்லைதான். பழைய பிக்சர் டியூபிலும் இல்லை. அங்கேயும் ஒரு கதிர் வரிவரியாக ஓடித்தான் படம் வரைந்தது. இரண்டு தொழில்நுட்பத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனாலும் இரண்டும் கடைசிப் பாதி வேலையை நம் கண்ணிடம்தான் ஒப்படைத்திருக்கின்றன.

இந்தக் கடிகாரத்தை 1980இல் யாரும் செய்திருக்க முடியாது என்பதையும் அப்போதுதான் நினைத்துக்கொண்டேன். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி. 1962இலேயே வந்துவிட்டது, நிக் ஹோலோன்யாக் செய்து காட்டினார். நீலம்தான் வரவில்லை. பளிச்சென்ற நீல எல்.இ.டி. கைக்கு வந்தது 1990களின் தொடக்கத்தில். இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா மூவருக்கும் அதற்காக 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நீலம் இல்லையென்றால் இளநீலப் பேய் இல்லை, இளஞ்சிவப்புப் பேய் இல்லை, வெள்ளை நண்டும் இல்லை. பழையதைப் போலத் தெரியும் இந்தப் பொருள், பழைய காலத்தில் கனவாகத்தான் இருந்திருக்கும்.

சரி, முகப்புகளுக்கு வருகிறேன். கிட்டோடு ஏழெட்டு முகப்பு வந்தது. முதல் வாரம் எல்லாவற்றையும் சுழற்சியில் ஓடவிட்டேன். எப்போதும் ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும்: மேகம் நகரும், நட்சத்திரம் மின்னும், கப்பல் குறுக்கே போகும், எண்களே வண்ணம் மாறும். பத்தாம் நாள் என்னால் அந்த அறையில் உட்கார்ந்து ஒரு பக்கம் படிக்க முடியவில்லை. ஓரக்கண்ணில் ஏதாவது அசைந்தால் நாம் திரும்பித்தான் பார்ப்போம். அது நம் கையில் இல்லை. மணி பார்த்துவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பினால் அரை நிமிடத்தில் மறுபடி கூப்பிடும். கூப்பிடுவதற்காகவே கண்டுபிடிக்கப்பட்ட கலை அல்லவா அது! சிறுவனாக இருந்தபோது அது என்னைக் கூப்பிட்டது பிடித்திருந்தது. இப்போது அதே வேலையை என் வீட்டுச் சுவரில் செய்கிறது. ஆனால் கடிகாரத்தின் வேலை வேறு. திரும்பிப் பார்த்ததும் பதிலைச் சொல்லி நம்மை அனுப்பிவிட வேண்டும். நிறுத்தி வைப்பது ஆர்கேட் பெட்டியின் குணம், விட்டுவிடுவது கடிகாரத்தின் குணம். இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் வைத்தால் எது ஜெயிக்கிறது என்பதுதான் இந்தப் பொருளின் முழுப் பிரச்சினையும்.

அன்றிலிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்டுத்தான் முகப்புகளை வடிகட்டினேன்: இந்த அசைவு இல்லாமல் நிமிடம் மாற முடியுமா? முடியும் என்றால் அந்த அசைவு அலங்காரம், எடுத்துவிட்டேன். முடியாது என்றால் வைத்துக்கொண்டேன். கப்பல் சுட்டுத்தான் பழைய எண் சிதறுகிறது என்றால் அது கடிகாரத்தின் பாகம். சும்மா வானத்தில் கப்பல் போகிறது என்றால் அது இரைச்சல். இப்போது ஐம்பத்தைந்து விநாடி அசையாமல் இருக்கும். மீதி ஐந்து விநாடியில் ஏதோ நடக்கும். நடந்து முடியும்போது எண் மாறியிருக்கும்.

இந்த வடிகட்டலில் அழகாகத் தேறியது மாரியோ முகப்பு. மணியும் நிமிடமும் இரண்டு செங்கல் பெட்டிகளில் எழுதியிருக்கும். நிமிடம் மாறும்போது மாரியோ குதித்துத் தலையால் ஓர் இடி இடிப்பான், பெட்டி மேலே எம்பி இறங்கும், எண் மாறியிருக்கும். அசைவும் காரணமும் ஒன்றே. அவன் முதலில் தோன்றியது 1981இல், டாங்கி காங் என்ற விளையாட்டில். அவனை உருவாக்கிய ஷிகேரு மியாமோட்டோவுக்குக் கிடைத்த புள்ளிகள் மிகக் குறைவு. குதிக்கும்போது முடி அசைவதை வரைய முடியாது, ஆகவே தொப்பி. வாயை வரைய இடமில்லை, ஆகவே மீசை. கை ஆடுவது உடம்பிலிருந்து பிரிந்து தெரிய வேண்டும், ஆகவே தோளில் வார் வைத்த கால்சட்டை. புள்ளிப் பஞ்சத்தில் பிறந்தவன் என்பதால், 64க்கு 32 என்ற பஞ்சப் பலகையிலும் அவன் அவனாகவே இருக்கிறான்.

பாங் முகப்பு மட்டும் என் விதிக்கு அடங்கவில்லை. 1972இல் அடாரி நிறுவனத்துக்காக ஆலன் அல்கார்ன் செய்த விளையாட்டு அது. இரண்டு மட்டை, ஒரு பந்து. கடிகாரத்தில் இடப்பக்க ஸ்கோர்தான் மணி, வலப்பக்க ஸ்கோர்தான் நிமிடம். இரண்டு பக்கமும் பிசகாமல் ஆடிக்கொண்டே இருக்கும். நிமிடம் முடியும் நேரத்தில் இடப்பக்க மட்டை ஒரு பந்தைத் தவறவிடும்; வலப்பக்கத்துக்கு ஒரு புள்ளி; நிமிடம் கூடும். மணி நிறைந்தால் வலப்பக்கம் தவறவிடும். அப்போது மணி ஒன்று கூடி, நிமிடம் பூஜ்யமாகும். “இடது பக்கம் இருக்கிறவர் பாவம், மணிக்கு 59 தடவை தோக்கிறார்” என்றாள் மகள். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா வலது பக்கம் இருக்கிறவர் ஒரே தடவை தோத்தா எல்லாம் போயிடுது” என்றாள். மணிக்கணக்கில் இந்த முகப்பைப் பார்த்திருந்தும் எனக்கு இது தோன்றவில்லை.

பந்து ஒரு நொடிகூட நிற்பதில்லை. ஆனாலும் இது என்னை இழுப்பதில்லை. ஏன் என்று ரொம்ப நாள் புரியவில்லை. ஒருநாள் சட்டென்று பிடிபட்டது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். ஊசல்! பெண்டுலம் வைத்த கடிகாரத்தை யாரும் இரைச்சல் என்று சொல்வதில்லையே. ஒரே சீரான அசைவைக் கண் ஒரு கட்டத்தில் சுவரோடு சேர்த்துக்கொண்டுவிடுகிறது. இன்னொரு பொருத்தமும் உண்டு. அந்த எந்திரத்தில் கணிப்பொறிச் சிப்போ நிரலோ கிடையாது. எல்லாம் தனித்தனி லாஜிக் சிப்களை ஒயர் கட்டிச் செய்தது. ஸ்கோர் எண்களைத் திரையில் வரையப் பயன்பட்டது, ஏழு கோடுகளை வைத்து எண் காட்டும் டிஜிட்டல் கருவிகளுக்கென்று இருந்த 7448 என்ற சிப். ஆக, பாங்கின் ஸ்கோர் பிறந்ததிலிருந்தே டிஜிட்டல் கடிகார எண்தான். இப்போது அது தன் வீட்டுக்கு வந்திருக்கிறது.

ஒரு குறை உண்டு. பந்து கோட்டைத் தாண்டினால்தான் எண் மாறும். ஆகவே சில நிமிடங்கள் ஒரு விநாடி, ஒன்றரை விநாடி தாமதமாகத்தான் பிறக்கும். என்னைப் பொறுத்தவரை அது மன்னிக்கத்தக்கது. பந்தைப் பாதியில் பறித்து நேரத்தை மாற்றினால் ஆட்டம் பொய்யாகிவிடும்.

ஸ்பேஸ் இன்வேடர்ஸைப் பற்றி இன்னும் ஒன்று. அதில் நண்டுகள் குறையக் குறைய மிச்சமிருப்பவை வேகமாக நகரும். மொத்தம் 55 உருவம். எந்திரத்தில் இருந்தது 2 மெகாஹெர்ட்ஸில் ஓடிய இன்டெல் 8080 சிப். எல்லாவற்றையும் நகர்த்தி வரைய அதற்கு மூச்சு வாங்கும். ஆள் குறைந்தால் வேலை குறையும், வேகம் தானாகவே கூடும். நிஷிகாதோ அதைக் குறையாக நினைத்துத் திருத்தாமல் ஆட்டத்தின் உயிராகவே விட்டுவிட்டார். என் கடிகாரத்தில் இருக்கும் ஈ.எஸ்.பி.32 ஓடுவது 240 மெகாஹெர்ட்ஸில். அதற்கு மூச்சே வாங்காது. அதனால் அந்தத் தள்ளாட்டத்தை நான் கணக்குப் போட்டு எழுத வேண்டியிருந்தது: ஐந்து நண்டுக்கு இவ்வளவு தாமதம், மூன்றுக்கு இவ்வளவு, ஒன்றுக்கு இவ்வளவு என்று. கடைசி நண்டு தடதடவென்று ஓடி அடிபடும்போது புதிய நிமிடம் வருகிறது. அன்றைக்கு அந்தச் சிப்பின் பலவீனம் இலவசமாகக் கொடுத்ததை இன்றைக்கு நாற்பது வரி எழுதித்தான் வாங்க முடிந்தது.

இரவு வேறு கதை. இத்தனை விளக்கும் முழு வெள்ளையில் எரிந்தால் இப்படி ஒரு பலகை 4 ஆம்பியர் வரை இழுக்கும். ஆர்கேட் படங்களின் பின்னணி கறுப்பு என்பதால் நிஜத்தில் அதில் சிறு பங்குதான் ஆகிறது. ஆனால் இருட்டில் அந்தச் சிறு பங்கே அறை முழுக்க நீலம் பாய்ச்சும். “ராத்திரியில மட்டும் இதை அணைச்சிடுங்க” என்றாள் மனைவி. அணைக்க மனம் வரவில்லை, வெளிச்சத்தைக் குறைத்தேன். அதிலும் ஒரு சிக்கல். விளக்கு பாதி நேரம் எரிந்தால் கண்ணுக்குப் பாதி வெளிச்சமாகத் தெரியாது. கொஞ்சம்தான் குறைந்த மாதிரி இருக்கும். உண்மையில் மங்கலாக வேண்டுமென்றால் மிக மிகக் குறைக்க வேண்டும். அப்படிக் குறைத்தால் நிறங்களுக்கு நடுவே உள்ள படிகள் காணாமல் போகின்றன. ஆரஞ்சுப் பேயில் சிவப்போடு கலந்திருந்த பச்சை முதலில் அணைந்துவிடும். அதுவும் சிவப்புப் பேயாகிவிடும். நான்கு பேரில் இரண்டு பேர் ஒரே ஆளானார்கள். ஆகவே இரவு பத்து மணிக்கு மேல் யாரும் வரக்கூடாது என்று வைத்துவிட்டேன். மங்கிய சிவப்பில் நான்கு இலக்கம் மட்டும். நடு இரவில் தண்ணீர் குடிக்க எழுந்து வருகிறவருக்கு அது போதும், கண்ணும் கூசுவதில்லை.

இந்தக் கடிகாரம் எனக்குச் செய்த ஒரே துரோகத்தையும் சொல்லிவிடுகிறேன். நேரத்தை இது இணையத்திலிருந்து எடுக்கிறது. டேவிட் மில்ஸ் வடிவமைத்து 1985இல் வெளியான என்.டி.பி. என்ற முறைதான். வீட்டில் ரவுட்டரை மாற்றியபோது புதிய பாஸ்வேர்டைக் கடிகாரத்துக்குக் கொடுக்க மறந்துவிட்டேன். கடிகாரம் வாயைத் திறக்கவில்லை. தன்னிடமுள்ள சாதாரணக் குவார்ட்ஸ் படிகத்தை நம்பி ஓடிக்கொண்டே இருந்தது. அப்படிப்பட்ட படிகத்தில் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகு இருந்தால் ஒரு நாளைக்கு 1.7 விநாடி. மூன்று மாதத்தில் இரண்டரை நிமிடம். மாரியோ குதித்தான், நண்டு நடந்தது, பந்து பறந்தது, எல்லாம் வழக்கம்போல உற்சாகமாக இருந்தது. அதை நம்பிக் கிளம்பி, நான் நடைமேடையில் ஏறும்போது ரயிலின் கடைசிப் பெட்டி நகர்ந்துகொண்டிருந்தது.

ரயிலை விட்டதில் பெரிய வருத்தமில்லை. நான் ஏமாந்த விதம்தான் மனதை அறுத்தது. முள் வைத்த கடிகாரம் பேட்டரி தீர்ந்தால் நின்றுவிடும். நின்றதைப் பார்த்தாலே தெரியும். இது நிற்கவே இல்லை. தவறான நேரத்தையும் அதே துள்ளலோடு காட்டியது. அந்த வாரமே பின்பக்க ஸ்க்ரூவைக் கழற்றி, டி.எஸ்.3231 என்ற நேரக்காப்புச் சிப் உள்ள குட்டி போர்டு ஒன்றைப் பற்றவைத்தேன். அதன் படிகம் விநாடிக்கு 32,768 தடவை துடிக்கும். பதினைந்து தடவை பாதியாக்கினால் சரியாக ஒரு விநாடி. வெப்பத்துக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும். பிசகு பத்து லட்சத்தில் 2 பங்குதான், வருடத்துக்கு ஒரு நிமிடம். பட்டன் செல் ஒன்று இருப்பதால் மின்சாரம் போனாலும் மணி போகாது. நிரலிலும் ஒரு விதி சேர்த்தேன்: ஒரு நாள் முழுக்க இணையத்தோடு நேரம் சரிபார்க்க முடியவில்லை என்றால், எந்த உருவமும் வரக்கூடாது. வெறும் எண், மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி. நேரம் உறுதியில்லாத வீட்டில் யாரும் ஆட வேண்டாம்.

இதை எழுதும்போதுதான் ஒன்று தெரிந்துகொண்டேன். என்.டி.பி. 1900 ஜனவரி 1இலிருந்து விநாடிகளை 32 பிட் எண்ணில் எண்ணி வருகிறது. 2036 பிப்ரவரி 7 அன்று அந்த எண் நிரம்பி மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பேக்மேனில் இதே நோய் சின்ன அளவில் வந்திருக்கிறது. அங்கே ஆட்டத்தின் எத்தனையாவது நிலை என்பதை எண்ணியது 8 பிட் எண், 255க்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. 256ஆவது நிலையில் கணக்கு வழிந்து, திரையின் வலப்பாதி முழுக்க எழுத்தும் குப்பையுமாக நிரம்பிவிடும். அதற்கு மேல் ஆட முடியாது. 2036க்கு முன்னால் என் நிரலில் அந்த இடத்தைத் திருத்திவிட வேண்டும் என்று சட்டத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போது எங்கள் வீட்டில் மாலை நேரத்து முகப்பு டெட்ரிஸ். 1984இல் அலெக்ஸி பஜித்னோவ் அதை எழுதிய எலெக்ட்ரானிகா 60 என்ற கணிப்பொறியில் படம் வரையும் வசதி கிடையாது. அடைப்புக்குறிகளை அடுக்கித்தான் கட்டம் காட்டினார். கடிகாரத்தில் ஏழு வகைத் துண்டுகளும் மேலிருந்து விழுந்து, சுழன்று, ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்து எண்ணாகின்றன. ஒன்றுக்குக் கொஞ்சம் துண்டு, எட்டுக்கு நிறைய. வழக்கமான நிமிடத்தில் கடைசி இலக்கம் மட்டும்தான் விழும்; மற்ற மூன்றும் அசையாமல் நிற்கும். 24 மணிக் கணக்கில் நான்கு இலக்கமும் ஒன்றாக மாறுவது ஒரு நாளில் மூன்றே தடவை: 09:59 முடியும்போது, 19:59 முடியும்போது, 23:59 முடியும்போது. காலையில் வீட்டில் யாரும் இருப்பதில்லை. நள்ளிரவில் முகப்பே இல்லை. மிச்சம் இருப்பது ஒன்று.

மகள் அதைத் தானாகவே கண்டுபிடித்தாள். எட்டு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது எந்த வேலையில் இருந்தாலும் வந்துவிடுவாள். நேற்றும் பென்சிலோடு வந்து, சுவருக்கு நேரே தரையில் உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்றுகொண்டேன். 19:59 அசையாமல் நின்றது. அவள் கை முன்னால் நீட்டியபடி இருந்தது, எதையோ பிடித்திருப்பது போல. பழைய எண்கள் மறைந்தன. முதல் துண்டு இடப்பக்கம் இறங்கத் தொடங்கியதும், அவள் அந்தப் பென்சிலைக் கைப்பிடி மாதிரி மெல்ல வலப்பக்கம் தள்ளினாள். துண்டும் வலப்பக்கம் போனது.